நான் போட்ட கோட்டில் நின்ற பந்து

எனக்கு எழுபத்தொன்பது வயது. வளர்த்தது ஏழு பேரை. ஐந்து பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். இரண்டு பேர் என் நாத்தனார் இறந்து போன பிறகு என் வீட்டுக்கு வந்தவர்கள். ஏழும் ஆண். ஏழு பேரும் பாதிரிமார் நடத்தும் ஆண்கள் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள். படித்தார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. விளையாடினார்கள் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இப்போது பெரிய விழா வருகிறது. மலர் ஒன்று போடுகிறார்களாம். பழைய விளையாட்டுக்காரர்கள் தங்கள் நினைவுகளை எழுதி அனுப்ப வேண்டும் என்று என் நாலாவது மகனுக்குக் கடிதம் வந்தது. அவன் அதை மூன்று தடவை சத்தமாகப் படித்தான். எனக்குக் கடிதம் வரவில்லை. வராவிட்டால் என்ன? அந்த மைதானத்தில் அவன் விளையாடியது நாலு வருடம். நான் கோடு போட்டது இருபத்திரண்டு வருடம்.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். அந்த நாலாவது மகனின் பெண். தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கையில் அகப்படுவாள்.

பள்ளிக்கூடம் ஆரம்பித்தது ஒரு தகரக் கொட்டகையில். என் மாமனார் சொல்லிக் கேட்டது இது. மழை வந்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் வாத்தியார் சொல்வது காதில் விழாது. கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, “போங்கடா, போய் விளையாடுங்கடா” என்று விட்டுவிடுவாராம். “எங்க ஊர் ஹாக்கி மழையில பொறந்ததும்மா” என்பார் மாமனார். முதலில் கோணல் கொம்புகளை வைத்து ஆடினார்கள். பிறகு எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் மரவேலை செய்கிறவர்கள் மிச்சம் விழுந்த கட்டைகளைச் செதுக்கி மட்டை செய்து கொடுத்தார்கள்.

மைதானத்தைச் சமன் செய்தவர்களும் சுரங்கத்து ஆட்கள்தான். வாரம் முழுவதும் பூமிக்கடியில் பாறை உடைத்துவிட்டு, லீவு நாளில் மேலே வந்தும் பாறை உடைத்தார்கள். என் மாமனாரும் அதில் ஒருவர். அதில் ஒரு வேடிக்கை நடந்துவிட்டது. சுரங்கத்துக்குள் எந்தப் பாதையையும் மட்டமாக வெட்ட மாட்டார்கள். தண்ணீர் வடிய வேண்டும், தள்ளுவண்டி உருள வேண்டும் என்று லேசாகச் சரித்துத்தான் வெட்டுவார்கள். அந்தக் கைப்பழக்கம் மைதானத்துக்கும் வந்துவிட்டது. எல்லாம் முடிந்து பள்ளிக்கூடத்துப் பாதிரிச் சாமியார் பந்தை நடுவில் வைத்தாராம். யாரும் தொடாமலே அது மெல்லக் கிளம்பி கிழக்குப் பக்க கோலுக்குப் போய்விட்டதாம். “இன்னாப்பா இது?” என்று கேட்டதற்கு, “மழைத்தண்ணி நிக்காது சாமி” என்று பெருமையாகப் பதில் சொன்னார்களாம். அந்தச் சரிவு இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் பையன்கள் டாஸ் ஜெயித்தால் எந்தப் பக்கம் கேட்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் வீடு ஊருக்குள்ளேயே பாலகாட்டில், சுரங்கத்துக்காரர்கள் கட்டிக் கொடுத்த லைன் வீடு. என் வீட்டுக்காரர் அண்டர்கிரவுண்டில் பாறைக்குத் துளை போடும் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஏழு பிள்ளைகளையும் ஒரே இடத்தில் கண்காணித்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு காரணம்.

அப்போது மைதானத்தில் கோடு போடுவது பையன்கள் வேலை. சுண்ணாம்புத் தூளைக் கையால் அள்ளித் தூவிக்கொண்டே ஓடுவார்கள். ஒரு நாள் பெருக்கிக்கொண்டே போனவள் பார்த்துவிட்டு, விளையாட்டு மாஸ்டரிடம் வாயை விட்டேன்.

“இன்னா சார் இது, சாரைப்பாம்பு போன மாதிரி கீது?”

“அப்படியா? நீ வந்து போடேன், பார்க்கலாம்.”

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். என் அப்பா சுரங்கத்தில் மரம் அடிக்கிற ஆள். மேல் பாறை இறங்காமல் முட்டுக் கொடுக்கிற மரங்களை அளந்து அறுப்பது அவர் வேலை. வீட்டில் அவர் மரம் அளக்கும்போது நூலின் மறுமுனையைப் பிடித்து வளர்ந்தவள் நான். இரண்டு முளை அடித்தேன், நூல் கட்டினேன், மண்ணெண்ணெய் டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு அதில் சுண்ணாம்பை நிரப்பினேன். டின்னை ஆட்டிக்கொண்டே நடந்தேன். நடக்கும்போது காலடியைப் பார்க்கவில்லை. கோடு எங்கே போய் முடிய வேண்டுமோ அந்த இடத்தைப் பார்த்தே நடந்தேன்.

மாஸ்டர் ஒரு முனையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எழுந்து மறு முனைக்குப் போய் அங்கேயும் உட்கார்ந்து பார்த்தார்.

“அக்கா, நாளையிலிருந்து வெளக்குமாறு பாதி நேரம், டின் பாதி நேரம்” என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. ஆனால் எங்கள் ஊரில் கோடு போடுவது ஒரு தடவையோடு முடியாது. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மலை மலையாக நிற்கிறதே, சயனைடு மேடு, காற்றடித்தால் அதிலிருந்து சாம்பல் நிற மணல் பறந்து வரும். அரை மணி நேரத்தில் கோட்டை மூடிவிடும். எனவே பாதி ஆட்டத்தில் பையன்கள் ஆரஞ்சுச் சுளை சாப்பிடும்போது நான் டின்னைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓட வேண்டும். பத்து நிமிடம்தான் நேரம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஓடுவதைப் பார்க்கவே சில பேர் வருவார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். “ஹாக்கியில இன்னா கீது, உன் ஓட்டத்துக்குத்தான் கூட்டம்” என்பார். ஜனங்கள் கை தட்டுவார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பொய். நன்றாக இருந்தது.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது தலைமை ஆசிரியராகப் புது ஃபாதர் வந்தார். மங்களூர்ப் பக்கத்துக்காரர். மெதுவாகப் பேசுவார், எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். அந்த வருடம் பள்ளிக்கூடத் திருநாள் கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு நாங்களும் பெங்களூருப் பள்ளிக்கூடம் ஒன்றும் வந்துவிட்டோம். பெரிய பள்ளிக்கூடம் அது. புல் தரையில் விளையாடுகிற பிள்ளைகள். அவர்களை எங்கள் பையன்கள் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஃபாதர் என்னைக் கூப்பிட்டார்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. வெளியூர்லேருந்து பெரியவங்க எல்லாம் வர்றாங்க. ஆம்பளப் பசங்க கிரவுண்டுல நீங்க புடவையோட ஓடறது... நல்லா இருக்குமான்னு யோசிக்கிறேன்.”

“கோடு நல்லா இருக்கும் ஃபாதர்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “சரி, இந்த ஒரு மேட்ச் பார்ப்போம். ஏதாவது ஒண்ணு குறைன்னு யாராவது சொன்னா, பையன்களே போடட்டும். நீங்க பெருக்கற வேலையைப் பார்த்துக்குங்க.”

அன்று முழுவதும் எனக்கு அதே நினைப்புதான். சம்பளத்தில் ஒன்றும் குறையாது, அது எனக்குத் தெரியும். ஆனால் விளக்குமாற்றோடு அந்த மைதானத்தின் ஓரத்தில் நின்று, வேறு யாரோ போட்ட கோணல் கோட்டைப் பார்க்க வேண்டும் என்றால் அது என்னால் முடியாது. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். மாதா சிலை இருக்கும் கெபியில் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினேன். இரண்டு பக்கமும் சொல்லி வைத்துவிட்டால் நல்லதுதானே.

ஆட்டத்தன்று கோரமண்டல், ராபர்ட்சன்பேட்டை என்று ஊரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்துவிட்டார்கள். காலை ஷிப்டு முடிந்து மேலே வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேராக வந்தார்கள். எங்கள் மாஸ்டர் விருந்தாளி என்ற மரியாதைக்காக பெங்களூரு மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மைதானம் சரிவு என்று சொன்னார். மணல் பறக்கும், கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. மறைத்தார் என்று இல்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது.

என் நாலாவது மகன் முன்னால் ஆடுகிறவன். அவனும் அன்றைக்கு ஆடினான். பாதி ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று. காற்று பலமாக அடித்து, கோடெல்லாம் மங்கிப் போயிருந்தது. நான் டின்னோடு உள்ளே ஓடினேன். மாஸ்டர் எப்போதும், “மெலிசா போடு அக்கா, மெலிசா” என்று சொல்வார். அன்றைக்கு நாற்காலி வரிசையில் ஃபாதர் உட்கார்ந்திருந்தார், வெளியூர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணைப் பறிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இரண்டு கோல் முனையிலும் நாலு விரல் அகலத்துக்குத் தடிமனாகக் கொட்டினேன். மெத்தை மாதிரி விழுந்தது. வெயிலில் பளிச்சென்று இருந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். ஃபாதர் பக்கம் பார்த்துக்கொண்டே வெளியே வந்து, மேற்கு கோலுக்குப் பக்கத்தில் என் வழக்கமான இடத்தில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மேற்கு கோல் மேட்டுப் பக்கம். இரண்டாவது பாதியில் எங்கள் பையன்கள் அடிக்க வேண்டிய பக்கம் அதுதான்.

முடிய இன்னும் சில நிமிடம்தான் இருந்தது. என் மகனிடம் பந்து வந்தது. அவனுக்கும் கோலுக்கும் நடுவில் பெங்களூருப் பையன்கள் மூன்று பேர், பின்னால் கோலைக் காக்கிற அவர்கள் கோலி. அப்போதுதான் கீழே ஏர் பிளாஸ்ட் ஆனது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆழத்தில் தோண்டிய இடத்தைச் சுற்றி பாறை நெருக்கி, திடீரென்று வெடிக்கும். மேலே தரை ஒரு உதறு உதறும், அலமாரியில் பாத்திரம் பேசும். எங்களுக்கு அது பழக்கம். ஆண்கள் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள். பெண்கள் மட்டும் ஒரு நொடி, நம் வீட்டு ஆள் எந்த ஷிப்டு என்று நினைத்துப் பார்ப்போம். என் வீட்டுக்காரர் எதிரே வேர்க்கடலை தின்றுகொண்டு நின்றார். சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற சாஃப்டின் மேல் சக்கரம் எப்போதும் போலச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்றும் இல்லை என்று மூச்சு விட்டேன்.

பெங்களூருப் பிள்ளைகளுக்கு இது எப்படித் தெரியும்? பூகம்பம் என்று நினைத்து அத்தனை பேரும் குப்புற விழுந்துவிட்டார்கள். கோலி விழுந்தான். வெளியூரிலிருந்து வந்த நடுவரும் விசிலை வாயில் வைத்தபடியே விழுந்துவிட்டார். எங்கள் பையன்கள் பதினோரு பேர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். எதிரே திறந்த கோல்.

என் மகன் பந்தை ஓங்கி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. யாரும் இல்லாத கோலுக்கு எதற்கு அடி என்று, குழந்தையைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி லேசாகத் தள்ளிவிட்டான். தள்ளிவிட்டு, பந்து போய்ச் சேரும் முன்பே ஜனங்கள் பக்கம் திரும்பி மட்டையைத் தூக்கிவிட்டான். பெருமை எங்கள் வீட்டு வியாதி.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஏற ஏற மெதுவானது. கோட்டுக்கு வந்தது. நான் போட்ட மெத்தையில் ஏறியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அதற்குள் ஊரே மைதானத்துக்குள் வந்துவிட்டது. “கோல்! கோல்!” என்று ஒரே கூச்சல். எங்கள் பையன் ஒருவன் பந்தைத் தூக்கி வானத்தில் எறிந்தான். என் மகனைத் தோளில் ஏற்றினார்கள். நடுவர் மெல்ல எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு கோலுக்கு வந்தார். அவர் பார்க்கவில்லை. அவருக்குத் துணையாக எதிர்ப்பக்கம் நின்ற நடுவரும் பார்க்கவில்லை, அவரும் வெளியூர். பெங்களூரு மாஸ்டர், “பூமி நடுங்கும்போது போட்டது கணக்கா?” என்று கத்தினார். எங்கள் ஆட்கள், “விசில் அடிச்சாரா? அடிக்கல இல்ல? அப்போ கணக்குதான்” என்று கத்தினார்கள்.

நடுவர் நிதானமான மனிதர். பேச்சைக் கேட்காமல் குனிந்து கோட்டைப் பார்த்தார். சுண்ணாம்பில் பந்து உட்கார்ந்த இடம் கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது. நிமிர்ந்து, “ஈ கெரெ ஹாக்கித்து யாரு?” என்று கன்னடத்தில் கேட்டார். இந்தக் கோடு போட்டது யார் என்று.

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஃபாதரும் வந்து நின்றுவிட்டார். ஏதாவது ஒன்று குறை என்று யாராவது சொன்னால் என்று அவர் சொன்னது என் காதில் மணி அடித்தது.

“நானே சார்” என்றேன்.

“இங்கேயே இருந்தீங்களா? பார்த்தீங்களா?”

தோளின் மேலிருந்து என் மகன், “சொல்லும்மா! உள்ள போச்சு இல்ல? சொல்லு!” என்றான். பின்னாலிருந்து ஒருவன், “அவங்க பையன் போட்ட கோலு, அவங்க சொல்ல மாட்டாங்களா” என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எனக்குச் சுருக்கென்றது. நான் போட்ட கோட்டைப் பற்றி நானே கோணலாகச் சொன்னால், அதுவரை போட்டதெல்லாம் என்ன ஆகும்?

நான் குனிந்து விரலால் காட்டினேன். குழிக்கு முன்னால் பந்து வந்த தடம் இருந்தது. குழிக்குப் பின்னால், கோலின் உள்பக்கம், சுண்ணாம்பு ஒரு பொட்டுக்கூடக் கலையவில்லை.

“கோல் இல்ல சார். பந்து கோட்டு மேலயே ஒக்காந்துடுச்சு. நான்தான் சுண்ணாம்ப ஜாஸ்தியா கொட்டிட்டேன்.”

தோள் மேலிருந்த என் மகன் தூக்கிய மட்டையை இறக்கினான். பிறகு என் வீட்டுக்காரர் கடலைத் தோலைக் கீழே போட்டுவிட்டு உரக்கச் சொன்னார்: “எங்க வீட்டுலயும் இப்டித்தான் சார். குழம்புல உப்பும் ஜாஸ்தி, உண்மையும் ஜாஸ்தி.” நடுவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. என் மகனைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

கோல் இல்லை, மிச்ச நேரம் ஆடுங்கள் என்றார் நடுவர். பெங்களூருப் பிள்ளைகள் தயங்கினார்கள். அவர்கள் மாஸ்டர் ஃபாதரிடம், “இது தினமும் நடக்குமா?” என்று கேட்டார். ஃபாதர் எங்கள் மாஸ்டரைப் பார்த்தார். “தினமும் இல்ல சார், அப்பப்போ” என்றார் எங்கள் மாஸ்டர். அந்தப் பிள்ளைகள் மிச்ச நேரம் முழுவதும் சூடான தோசைக்கல் மேல் நடக்கிற மாதிரிதான் ஆடினார்கள். ஆனாலும் தடுத்துவிட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. கோப்பையை ஆறு மாதம் அவர்கள், ஆறு மாதம் நாங்கள் வைத்துக்கொள்வதென்று முடிவானது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கோப்பை வந்தது அதுதான் முதல் தடவை. பாதியாக வந்தாலும் வந்தது.

மறுநாள் காலையில் ஃபாதர் கூப்பிட்டார். விளக்குமாற்றைக் கையில் பிடித்துக்கொண்டே போனேன், எப்படியும் இனி இதுதான் என்று. மேசை மேல் பளபளவென்று ஒரு புது டின் இருந்தது. அடியில் ஓட்டையெல்லாம் வரிசையாகப் போட்டு, தூக்கக் கைப்பிடியும் வைத்திருந்தது. பள்ளிக்கூடத் தச்சரிடம் சொல்லிச் செய்ய வைத்திருக்கிறார்.

“நேத்து ஒரு குறை நடந்துச்சுன்னு ஒருத்தங்க சொன்னாங்க” என்றார்.

“யாரு ஃபாதர்?”

“நீங்கதான். சுண்ணாம்பு ஜாஸ்தின்னு. அடுத்த மேட்சுக்கு மெலிசா போடுங்க.” அப்போதுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

என் மகன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் குறையவில்லை. நாலாவது நாள், “ஊர்ல எல்லா அம்மாவும் புள்ளைக்கு வழி விடுவாங்க, எங்கம்மா மட்டும் அணை கட்டுவாங்க” என்று தம்பியிடம் சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னான். “நீ திரும்பிப் பார்க்காம அடிச்சிருந்தா அணை இன்னா பண்ணும்?” என்றேன். பேச்சு வந்துவிட்டது. பிறகு ஹாக்கியை வைத்தே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான், அங்கேயே ரிட்டயரும் ஆனான். பந்தை ஓங்கி அடிக்கக் கற்றுக்கொண்டதும் அன்றைக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

சுரங்கம் மூடி வருடங்கள் ஆகிவிட்டன. சக்கரம் நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் நிற்கவில்லை. போன வாரம் பேத்தி என்னை மைதானத்துக்கு ஆட்டோவில் கூட்டிப் போனாள். இப்போது கோடு போட ஒரு சக்கர வண்டி வைத்திருக்கிறார்கள். தள்ளினால் போதும், தானே கொட்டும். கிழக்கு மூலையில் கோடு கொஞ்சம் வளைந்திருந்தது. வண்டி தள்ளுகிற ஆளிடம் சொன்னேன். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “ஆமாம்மா” என்று அழித்துவிட்டுப் போட்டார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

இதை எல்லாம் இப்போது எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் மகன் மலருக்கு எழுதியதை நேற்றுப் படித்துக் காட்டினான். பூமி நடுங்கியது, எதிரிகள் விழுந்தார்கள், நான் கோல் போட்டேன் என்று முடித்திருக்கிறான். “ஏண்டா, அப்புறம் நடந்தது?” என்று கேட்டால், “இடம் பத்தலம்மா” என்கிறான். அவனுக்கு இடம் போதவில்லை என்றால் என் பக்கத்தில் போட்டுக்கொள்ளட்டும். இரண்டையும் சேர்த்தே அனுப்பப் போகிறேன்.

இவ்வளவு நேரம் வாசல் பக்கம் நின்று அவன் தன் பெண்ணுக்குக் கண் ஜாடை காட்டிக்கொண்டிருந்தான். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, கோணல் தெரியும்.

ஏ பொண்ணு, இங்க வா, பக்கத்துல ஒக்காரு. பந்து எங்க நின்னுச்சுன்னு எழுதியிருக்க? உங்க அப்பன் பேச்சைக் கேட்டு உள்ள தள்ளிட்டியா? எங்கே, மொதல்லேருந்து படி.